என் ரேக்கில் ஏறிய தட்டுகள்

கம்பெனியில் எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாமே எதையாவது தாங்குகிற வார்த்தைகள். பேரிங், ஹோல்டர், ஸ்டாண்டு, பிராக்கெட், லோடு, சப்போர்ட். சூப்பர்வைசர் ஒவ்வொரு சாமானாக மேஜை மேல் எடுத்து வைத்துப் பெயர் சொல்வார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் நாங்கள் வரிசையாக நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு இரும்பு வளையத்தைத் தூக்கிக் காட்டி, "இது எதுக்கும்மா இருக்குது?" என்பார். "லோடு தாங்கறதுக்கு சார்" என்று கத்துவோம். குடும்பம் நடத்துகிற பொம்பளைகளிடம் வந்து, தாங்குவது என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறாரே இந்த மனுசன் என்று எனக்குச் சிரிப்பாக வரும். அப்போது சிரிக்கிறதுக்குத் தெம்பு இருந்தது.

அந்த வார்த்தைகளில் ஒன்றுதான் எனக்கு ஆகவே ஆகாது. ரெஸ்ட். சாணைக்கல்லில் இரும்பைத் தேய்க்கும்போது, கை ஆடாமல் இரும்பைச் சாய்த்து வைப்பதற்கு ஒரு சின்னப் பலகை உண்டு. அதற்குத்தான் ரெஸ்ட் என்று பெயர். காலையில் போய் நின்றால் சாயங்காலம் வரைக்கும் நின்றுகொண்டே வேலை. உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. இரும்புக்கு மட்டும் சாய்ந்துகொள்ளப் பலகை போட்டு, பெயரும் வைத்திருந்தார்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. ஓசூரில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த எண்பதுகளில், கல்யாணமாகி ஒரு வருசம் கழித்து வீட்டுக்காரரோடு வந்து சேர்ந்தேன். அவர் ஒரு வார்ப்புப் பட்டறையில் கான்ட்ராக்ட் ஆள். அவருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அட்ஜஸ்ட். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, எனக்கு இடுப்பு வலி என்றாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கெட்டவர் இல்லை. உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்கும் வேறு வார்த்தை பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் மின்விசிறிக்குப் போகிற சின்ன பேரிங் செய்தார்கள். பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம் வைத்து, நடுவில் குண்டுகளைப் போட்டு, விரலால் தள்ளிச் சமமாகப் பிரித்து, மேலும் கீழும் கூண்டு பொருத்தி, கை பிரஸ்ஸில் வைத்து ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். தட்டு நிறைந்ததும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் அவரவர் ரேக்கில் ஏற்ற வேண்டும். ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் வந்து ரேக்குகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யாருடைய ரேக் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ, அதுதான் அவளுக்கு அன்றைக்கு மரியாதை. ஆறு மாதம் ட்ரெய்னிங். அது முடியும்போது ரேக் நன்றாக ஏறியவளைப் பர்மனெண்ட் பண்ணுவார்கள். ஏறாதவளை, தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். யாருக்கும் எப்போதும் சொல்லி அனுப்பியதில்லை.

எனக்கு இடது பக்கம் நின்றவர் கெலமங்கலத்துப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அதற்கு முன்னால் தக்காளித் தோட்டத்திலும் மல்பெரித் தோட்டத்திலும் கூலிக்குப் போனவர். வீட்டுக்காரர் லாரியோடு போனால் போனதுதான், நினைத்தபோது வருவார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளை அக்காதான் ஒத்தை ஆளாகப் பார்த்துக்கொண்டார். என் பேச்சைக் கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். வீட்டுக்காரரை நான் 'அவுக வந்தாக, அவுக போனாக' என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்க ஊர்ல ஒரு வீட்டுக்காரரா, நாலு பேரா?" என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

வலது பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண். அவளுக்குக் கன்னடம். கர்நாடகா பார்டர் வரைக்கும் அந்தப் பக்கத்து பஸ், ஜூஜுவாடியில் இறங்கி லாரிகளுக்கு நடுவே குறுக்கே ஓடி இந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தினமும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து நிற்பாள். அதிகம் பேச மாட்டாள். முடியாது என்றால் 'ஆகல்ல அக்கா', அவ்வளவுதான்.

மூன்று பேருக்கும் மூன்று பாஷை. தமிழ் எல்லாருக்கும் புரியும்தான். ஆனால் ஒருத்தியிடம் போய் 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணுக்கா' என்று கேட்க எனக்கு நாக்கு வராது. ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லி யாரிடமாவது நின்றால், அவர்கள் அதை ஏழு வருசம் சொல்லிக்காட்டுவார்கள். அக்காவும் அப்படித்தான். தெலுங்கில் கேட்டால் சொந்தக்காரியிடம் கை நீட்டுகிற மாதிரி இருக்குமாம். சப்போர்ட் என்ற வார்த்தையில் அந்தத் தொல்லை இல்லை. அது எங்கள் யாருடைய வீட்டிலும் பிறந்த வார்த்தை இல்லை. கம்பெனி வார்த்தை. ஸ்பேனர் கொடு என்று கேட்பது மாதிரி சப்போர்ட் என்று கேட்டுவிடலாம். வெட்கம் கிடையாது.

அப்படித்தான் அது ஒரு வழக்கமாக ஆகியிருந்தது. நாங்கள் சேர்வதற்கு முன்பே அந்த வரிசையில் இருந்ததாம். ஒருத்திக்குக் காய்ச்சல், இல்லை பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் தூக்கம் கெட்டுப்போய்விட்டது, இல்லை மாதாமாதம் வருகிற வலி. கை ஓடவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்காமலே, "சப்போர்ட்" என்று ஒரு தரம் சொல்வாள். அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவள் தன்னுடைய தட்டுகளில் சிலவற்றைத் தன் ரேக்கில் வைக்காமல் இவள் ரேக்கில் வைத்துவிடுவாள். சூப்பர்வைசர் வந்து பார்க்கும்போது எல்லா ரேக்கும் ஏறக்குறைய ஒரே உயரம் இருக்கும்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. யாரும் உட்கார்ந்து எழுதியது இல்லை, ஆனால் மீறினவள் அந்த வரிசையில் நிற்க முடியாது. எதுக்கு என்று கேட்கக் கூடாது. எத்தனை வைத்தேன் என்று சொல்லக் கூடாது. இன்னொருத்தியிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. வாங்கினவள் தேங்க்ஸ் சொல்லக் கூடாது. ஒரு தரம் நான் தெரியாத்தனமாக, "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சீ, இதென்னா கல்யாண வீட்டு மொய்யா? வேலயப் பாரு" என்றார்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. சந்தோசப்பட வேண்டிய விசயம். எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் முதல் பிள்ளை ஊரிலேயே போய்விட்டது. தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன், நாலாம் மாதம் ஒரு மத்தியானம் வலி எடுத்தது, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "அதிர்ற மாதிரி எந்த வேலையும் செய்யக் கூடாது. இதுவும் போச்சுன்னா அப்புறம் கஷ்டம்மா" என்று. கம்பெனியில் சொன்னால் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார்கள். பர்மனெண்ட் ஆனவளுக்குத்தான் லீவு உண்டு. ட்ரெய்னிங்கில் இருப்பவளுக்கு வயிறு தெரிந்தால் கேட்தான். ஆகவே ஆறு மாதம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் மறைத்து ஓட்டிவிட வேண்டும், பிள்ளையும் நிற்க வேண்டும், வேலையும் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிரு" என்றார். சட்டியைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

காலையில் கிரீஸ் வாசம் மூக்கில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வரும். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பேன். குளிர்காலம் வேறு. ஓசூர்க் குளிர் எங்கள் ஊர் ஆளுக்கு ஆகிற குளிரா? இரும்புக் குண்டைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். குண்டு இரண்டு இரண்டாகத் தெரியும். ஒரு நாள் முடியாமல் இடது பக்கம் திரும்பாமலே, "சப்போர்ட்" என்றேன்.

அன்றிலிருந்து என் ரேக்கில் தட்டு ஏற ஆரம்பித்தது.

இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. நான் கேட்டது அக்காவிடம் மட்டும். ஆனால் நான் பாத்ரூமில் வாந்தி எடுப்பதை அத்திப்பள்ளிப் பெண் பார்த்திருக்கிறாள். அவளாகவே தன் பங்குக்கு என் ரேக்கில் தட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள். கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது, பேசக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறதே! அக்கா வைப்பது அவளுக்குத் தெரியாது. அவள் வைப்பது அக்காவுக்குத் தெரியாது. நானோ முதுகுக்குப் பின்னால் ரேக் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று திரும்பிப் பார்க்கிற நிலைமையில் இல்லை. விழுந்துவிடாமல் நின்றால் போதும் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தட்டு, அக்கா தட்டு, அவள் தட்டு என்று மூன்று பேர் வேலை ஒரு ரேக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசையிலேயே பெரிய நோயாளியின் ரேக்தான் வரிசையிலேயே உயரம்.

ஒரு புதன்கிழமை ஷிப்ட் முடிகிற நேரம் சூப்பர்வைசர் என் ரேக்குக்கு முன்னால் நின்றார். சேலத்துக்காரர், சிடுசிடுப்பானவர், அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு.

"ஏம்மா, ஆளப் பாத்தா ஊதுனா பறந்துருவ. வேலயில இந்தப் போடு போடறியே! ஒரு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். வர்ற திங்கக்கெழமயிலருந்து நீ கால் பிரஸ்ஸுக்குப் போயிரு. அங்க இருந்த பொண்ணு கல்யாணம் ஆயிப் போயிருச்சு. அதுக்குப் போனா பர்மனெண்ட் நிச்சயம், புரியுதா?"

வரிசையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "அடி அதிர்ஷ்டக்காரி!" என்று முதுகில் தட்டினாள். எனக்குக் காது அடைத்துப்போனது.

கால் பிரஸ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஷெட்டின் மூலையில் தனியாக நிற்கும். கீழே ஒரு கனத்த இரும்பு மிதி. வலது காலைத் தூக்கி, உடம்பு கனம் முழுவதையும் போட்டு அதை உதைக்க வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் மேலே தடார் என்று இறங்கும், அந்த அதிர்ச்சி கால் வழியாக ஏறி அடிவயிற்றில் போய் நிற்கும். நாள் முழுக்க உதைக்க வேண்டும். இடது பக்கமும் ஆள் இல்லை, வலது பக்கமும் ஆள் இல்லை. சப்போர்ட் என்று சொன்னால் சுவர்தான் கேட்கும். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், வயிற்று விசயம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், குழாயடியில் வைத்து இருவரிடமும் சொல்லிவிட்டேன். கட்டுப்பாடாவது மண்ணாவது. ஊரில் போன பிள்ளையைச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ தேவுடா! நீயும் வச்சியா?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நான் வைக்கலன்னா யாரும் வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றாள் அவள். "பாப அன்னிஸ்து. பாவமா இருந்துச்சு."

அவளை யார் திட்டுவது? நல்லது செய்யப் போய் மூன்று பேரும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய்க் கால் பிரஸ்ஸில் நிறுத்திவிட்டோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா தூக்கைக் கழுவி முடித்தார். பிறகு நேராக சூப்பர்வைசரிடம் போனார். நாங்கள் தூரத்தில் நின்று பார்த்தோம். "சார், அந்தக் கால் மிஷினு நான் பாக்கறேன் சார். அந்தம்மா ஒல்லியா கீறாங்க. எனக்குக் காலு நல்ல கெட்டி, காடு மேடெல்லாம் நடந்த காலு" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

சூப்பர்வைசர் அக்காவின் ரேக் பக்கம் கையைக் காட்டினார். "ஒன் ரேக்கப் பாரும்மா. பாதிகூட ஏறல. ஒரு வாரமா இதே லட்சணம். ஒன்ன எப்பிடி அங்க போடறது? இந்த வரிசயில வச்சிருக்கறதே பெருசு."

பாதி ரேக் ஏன் ஏறவில்லை என்று அக்கா சொல்லவில்லை. சொன்னால் வரிசையே போய்விடும். திரும்பி வந்தார். மேஜையில் நின்று ஒரு பேரிங்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இந்த வாரம் முடியறதுக்குள்ள என் ரேக்கு ஏறணும். உன் ரேக்கு எறங்கணும். வேற வழி இல்ல. உனக்கு எது வேணும், நீயே சொல்லிக்க" என்றார்.

எனக்கு எது வேணும். ரேக் இறங்கினால் கால் பிரஸ் இல்லை, பிள்ளை தங்கும். ஆனால் ரேக் இறங்கினவளைப் பர்மனெண்ட் பண்ண மாட்டார்கள். இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது. அன்று மத்தியானம் முழுக்கக் கை தன்பாட்டுக்குக் குண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. யோசிப்பதற்குக்கூடச் சோர்வாக இருந்தது. முதல் தட்டு நிறைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் ரேக்கைத் தாண்டிப் போய் அக்கா ரேக்கில் வைத்தேன்.

அத்திப்பள்ளிப் பெண்ணும் வைத்தாள். இந்தத் தடவை சொல்லிவைத்தே வைத்தோம்.

அந்த மூன்று நாள் மாதிரி நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. குமட்டல் அப்படியேதான் இருந்தது, தலைச்சுற்றல் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை. நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்துச் செய்த தட்டுகளை எல்லாம் இன்னொருத்தி ரேக்கில் ஏற்றிவிட்டு, காலி ரேக்குக்கு முன்னால் சோம்பேறி மாதிரி நிற்பது இருக்கிறதே, அது உடம்பு வலியைவிடப் பெரிய வலி. ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது மனசு கேட்கவில்லை. என் தட்டு, என் தட்டு என்று உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு இது மாதிரி எத்தனை நாள் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு நாளும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். என் ரேக்கைப் பார்த்தார். அக்கா ரேக்கைப் பார்த்தார். மறுபடி என் ரேக்கைப் பார்த்தார்.

"என்னம்மா, பர்மனெண்ட் நிச்சயம்னு சொன்னதும் கால நீட்டிட்டியா? மூணே நாள்ல காத்து எறங்கிப்போச்சே! ஒன்னப் போயி நம்புனேன் பாரு."

"இல்ல சார், முடியல சார்" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

"திங்கக்கெழம நீ போம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா திங்கட்கிழமை சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்குப் போய் நின்றார். முதல் உதை தடார் என்று விழுந்தபோது நான் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஷெட்டில் எத்தனையோ மிஷின் சத்தம். அந்த ஒரு சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். பிறகு பழகிப்போனது. எல்லாம் பழகித்தான் போகிறது. அக்கா நின்ற இடத்தில் வேறொருத்தி வந்து நின்றாள். நான் சப்போர்ட் என்று சொன்னால் அவளும் வைத்தாள், எதுக்கு என்று கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த அன்று என் வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அது தெரிந்துதானா, இல்லை அந்த மூன்று நாள் காலி ரேக்கை சூப்பர்வைசர் மறக்கவில்லையா, தெரியாது. கேட்டில் நிறுத்திவிட்டார்கள். தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்று அதே வார்த்தை. அக்காவைப் பர்மனெண்ட் பண்ணினார்கள். அத்திப்பள்ளிப் பெண்ணையும் பண்ணினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கால் பிரஸ் விழுந்துகொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஆவணியில் பெண் பிள்ளை பிறந்தது. குறைப் பிரசவம் இல்லை, கத்திக்கொண்டு முழுசாகப் பிறந்தது. அதே வருசம் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் கல் பாலிஷ் போடுகிற இடத்தில் வேலை கிடைத்து, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டோம். அங்கே நானும் வீட்டு வேலை, மாங்காய் சீசனில் கூழ்க் கம்பெனி, அது இது என்று ஓடினேன். உடம்பு ஓய்ந்தாலும் வேலை ஓயவில்லை. யார் யாரைப் போய்ப் பார்ப்பது? பார்க்கவில்லை.

பிறகு தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை, சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்கு ஓசூர் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நானும் மகளும் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நிற்கிறோம். மகள் அப்போது எட்டாவது படிக்கிறாள், என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். கம்பெனி விட்ட நேரம். கம்பெனிச் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். கூட்டத்தில் கடைசியாக ஒருவர், வலது காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு வருகிறார். முழங்கால் இரண்டு மடங்கு வீங்கியிருப்பது சேலைக்கு மேலேயே தெரிகிறது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, 'அவுக'! நல்லா கீறியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இருக்கேன்க்கா. நீங்க? கால் என்னக்கா ஆச்சு?"

"காலா?" என்று குனிந்து பார்த்தார், யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி. "அது ஆயிப்போச்சு எப்பவோ. எட்டு வருசம் ஒதச்ச காலு இல்ல? இப்ப அந்த மிஷினே கெடயாது. கரண்ட்டு மிஷினு வந்துருச்சு. பட்டன அமுக்குனா போதும், சின்னப் பொண்ணுங்க சினிமாக் கத பேசிக்கிட்டே அமுக்குதுங்க. என்னப் பேக்கிங்ல ஒக்கார வச்சுட்டாங்க. ஒக்காந்து பாக்கற வேல!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கேட்க எவ்வளவோ இருந்தது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாராம், இருவரும் நன்றாக இருக்கிறார்களாம். கம்பெனியில் முழங்காலுக்கு உறை மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தார்களாம், அதைப் போட்டால் அரிக்கிறதாம், வீட்டில் ஆணியில் தொங்குகிறதாம். பேசிக்கொண்டே என் மகளைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தரம் பார்த்தார்.

"இதானா அது?" என்றார்.

"இதான்க்கா" என்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கல்யாண வீட்டு மொய்யா என்று கேட்ட முகம் ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

அதற்குள் கெலமங்கலம் பஸ் வந்துவிட்டது. நிற்பதற்கு முன்னாலேயே கூட்டம் முண்டியடித்தது. அக்காவால் ஓட முடியவில்லை. எல்லாரும் ஏறின பிறகு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கப் பார்த்தார். படி உயரம். வலது கால் மேலே வரவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏறும்மா, ஏறும்மா" என்று கத்துகிறான். நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்ற மகளின் தோளில் அக்காவின் கை விழுந்துவிட்டது.

"சப்போர்ட், பாப்பா" என்றார். அந்தப் பழைய குரல். முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு தரம்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நின்றாள். அக்கா அவள் தோளில் உடம்புக் கனம் முழுவதையும் போட்டு, இடது காலை ஊன்றி, வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தார். நழுவியது. மறுபடி தூக்கினார். மகள் ஒரு பக்கமாக வளைந்துபோய் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, யாரும்மா இவங்க? தோள் வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்டி" என்றேன். "ஆடாம நில்லு."